பிளக்கும் கத்தி

ஜூன் 9, ஞாயிறு

மிஷின் வந்துவிட்டது. மூன்று பேர் தூக்கும் கனத்தில் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் அம்புக்குறி போட்டு 'இப்பக்கம் மேலே' என்று அச்சடித்திருந்தது. இறக்கியவர்கள் அந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். போன வருடம் என்றால் நானும் அப்படித்தான் வைத்திருப்பேன். ஐம்பது வருடம் செங்கோட்டை மரக்கடைகளில் தடி சுமந்தவன். எத்தனை அம்புக்குறிகளைத் தலைகீழாக இறக்கினேனோ. இன்று வாசலில் நின்று அந்த இரண்டு சொற்களையும் சத்தமாக வாசித்தேன். யாரும் கவனிக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை வாசித்தேன்.

இது மேசை ரம்பம். மேசையின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். அதன் வழியாக வட்ட ப்ளேடு தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். பலகையை அதன்மேல் தள்ளினால் அறுபடும். வாங்கியவள் என் மருமகள் செண்பகவடிவு. அவள் தேனீப் பெட்டி செய்கிறாள். இதுவரை எதிர் வரிசையில் இருக்கும் சொரிமுத்து ஆசாரியின் பட்டறையில்தான் பலகை அறுத்து வாங்கினாள். அவர் அறுத்த பலகையில் பெட்டி செய்தால், தேனீக்கள் வாசல் வழியாக உள்ளே போய் மூலை வழியாக வெளியே வந்துவிடும். தேனீ வளர்ப்போர் சங்கத்தில் இப்போது கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: வரும் 22ஆம் தேதி நாலு பெட்டி கொண்டுவர வேண்டும், மூலைகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்திருந்தால் வருடம் முழுவதும் வேலை, இல்லாவிட்டால் வணக்கம்.

என் மகன் கோமதிநாயகம் மினி பஸ் ஓட்டுகிறான். அவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. எதையும் படித்துத் தெரிந்துகொண்டதும் கிடையாது. பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக, உள்ளே இருந்த புத்தகத்தை எடுத்து எறிந்தான். நான் பொறுக்கிக்கொண்டேன். அதில் பதினோரு பக்கம் தமிழ்.

வடிவு சொன்னாள்: "மாமா, நீங்க வாசிச்சுச் சொல்லுங்க. அதுப்படி மாட்டுவோம். அதுக்கு முன்னால நின்னு கைய நீட்டப் போறது நாந்தான்."

"ஒரு எழுத்து விடாம வாசிச்சிருதேன் தாயி" என்றேன்.

எழுபத்தொரு வயதில் ஒரு வீடு என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறது. மெர்லின் டீச்சரிடம் நாளைக்கே சொல்ல வேண்டும். நூலகத்தில் எழுதப் படிக்கக் கற்க மாலை வகுப்புக்கு வரும் ஒன்பது பேரில் இந்தப் பெருமை வேறு யாருக்கும் வரவில்லை. மற்ற எட்டுப் பேரும் இன்னும் பஸ்ஸின் நெற்றியைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூன் 10, திங்கள்

இரண்டு பக்கம் முடிந்தது. காலையில் உட்கார்ந்தவன் மதியம் சாப்பிடத்தான் எழுந்தேன்.

முதல் பக்கத்தில், புத்தகம் முழுவதையும் படித்த பிறகே மிஷினைத் தொட வேண்டும் என்று போட்டிருக்கிறது. அதை நான் கோமதியிடம் வாசித்துக் காட்டியபோது அவன் ஸ்டாண்டை மாட்டி முடித்திருந்தான். இருபது நிமிடம்தான் ஆனதாம். ஆறு நட்டு மிச்சம். மிச்சம் பிடிக்கத் தெரிந்த பிள்ளை. ஸ்டாண்டு நாலு காலில் மூன்றை மட்டும் தரையில் வைத்து நின்றது.

இரண்டாம் பக்கம் எச்சரிக்கை. கழுத்துப்பட்டை அணிந்து வேலை செய்யக் கூடாதாம். எங்கள் தெருவிலேயே யாரும் கழுத்துப்பட்டை அணிவதில்லை. ஆகையால் அந்தக் கட்டளையை முழுமையாக நிறைவேற்றிவிட்டோம் என்றான் கோமதி. வடிவு மட்டும் கொஞ்சம் யோசித்து, "சேலத் தலப்பத்தான் சொல்லுதான் போல" என்று அவனுடைய பழைய சட்டையை மேலே மாட்டிப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வரி: 'மரம் பின்னோக்கி உதைக்கக்கூடும். ப்ளேடுக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நிற்கவும்.'

கோமதி சிரித்த சிரிப்பில் கையில் இருந்த ஸ்பானர் விழுந்தது. "மரம் உதைக்குமாம்லா! யப்பா, அது என்ன மாடா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அச்சில் இருப்பதைச் சிரித்துக்கொண்டே வாசிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

ஸ்டாண்டைக் கழற்றி, ஆறு நட்டையும் போட்டு, திரும்ப மாட்டினார்கள். இப்போது நாலு காலும் தரையைத் தொடுகிறது.

ப்ளேடு மாட்டும் பக்கம் வந்தது. 'மேலே தெரியும் பற்கள் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும்' என்று வாசித்தேன். கோமதி அதை ஏற்கெனவே மாட்டியிருந்தான். பற்கள் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நம்மளப் பாத்தா கடிச்சிரும்லா யப்பா. அதான் திருப்பி வச்சேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கழற்றி, திருப்பி மாட்டினோம். நான் வாசித்த ஒரு வரியால் ஒரு ப்ளேடு திரும்பியது. சாயங்காலம் வகுப்பில் இதைச் சொன்னேன். டீச்சர் கைதட்டச் சொன்னார். எட்டுப் பேரும் தட்டினார்கள்.

ஜூன் 12, புதன்

இன்று வேலி.

'வேலி ப்ளேடுக்கு இணையாக இருக்க வேண்டும். வேலியின் பின்பகுதி ப்ளேடை நெருங்கக் கூடாது.' நான் தெளிவாகத்தான் வாசித்தேன். கோமதி மிஷின் வைத்திருக்கும் ஷெட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தான்.

"ஷெட்டுக்குத் தகரச் செவரு இருக்கு. பெறவு எதுக்கு வேலி?"

"ஆடு மாடு உள்ள வந்திரக் கூடாதுன்னு இருக்கும்" என்றேன்.

அவன் மதிய டிரிப்பை முடித்துவிட்டு, ஒரு கட்டுக் கம்பி வலையும் நாலு கல்தூணும் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டு வந்தான். குழி தோண்டும்போது வடிவு புத்தகத்தை வாங்கிப் படத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குள் கையை விட்டு நீளமான அலுமினியச் சட்டம் ஒன்றை எடுத்தாள். மேசையின்மேல் நீளவாக்கில் உட்கார்ந்து, பலகை கோணாமல் போக வழிகாட்டும் சட்டம். அதற்குத்தான் வேலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"மாமா, எழுத்தோட படத்தையும் பாருங்க" என்றாள்.

நான் எழுத்தைப் பார்க்கிறேன். அவள் படத்தைப் பார்க்கிறாள். என் மகன் இரண்டையும் பார்ப்பதில்லை. ஆனால் குழி நன்றாகத் தோண்டுவான்.

ஜூன் 13, வியாழன்

சொரிமுத்து ஆசாரி மிஷினைப் பார்க்க வந்தார். முப்பது வருட அனுபவம் உள்ளவர். அவருக்கு இரண்டு கையிலுமாக ஏழரை விரல்கள் இருக்கின்றன. மீதி இரண்டரையும் அனுபவமாக மாறிவிட்டன.

"வே பூதத்தான், என்ன இது? பொஸ்தகத்த விரிச்சு வச்சு மிஷினுக்கு மந்திரம் ஓதுதீரோ?"

என் முழுப்பெயர் சங்கிலிபூதத்தான். அதை இப்போது நான் பிழையில்லாமல் எழுதுவேன். இவர் எழுதுவாரா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

ப்ளேடை மூடும் கண்ணாடி மூடியைப் பார்த்தார். "இத மாட்டாதிய. ப்ளேடு கண்ணுக்குத் தெரியணும். தெரியாம எப்பிடி அறுப்பிய?"

"ஒமக்கு முப்பது வருசமாத் தெரிஞ்சுதான வே இருந்திச்சு" என்றேன்.

அவர் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு ஐந்தாம் பக்கத்தின் கடைசி வரியை எல்லோரும் கேட்க வாசித்தேன்: 'பிளக்கும் கத்தியை ப்ளேடுக்குப் பின்னால் பொருத்தவும். விவரம் 6, 7ஆம் பக்கங்களில்.'

ஆறாம் பக்கத்தைத் திருப்பினேன். படமே இல்லை. பக்கம் முழுவதும் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. ஏழாம் பக்கமும் அப்படியே. இவ்வளவு சிறியதாகப் போட்டால் அது அவ்வளவு முக்கியம் இல்லாத சமாச்சாரமாகத்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் தூரத்துச் சொந்தக்காரர்களின் பெயரை அப்படித்தான் போடுவார்கள். எட்டாம் பக்கத்தில் நல்ல பெரிய எழுத்து. அதற்குப் போனேன்.

"அம்புட்டுத்தானா மாமா?" என்றாள் வடிவு.

"அம்புட்டுத்தான்."

எல்லோருமாகப் பிளக்கும் கத்தியைத் தேடினோம். பிறை மாதிரி வளைந்த ஓர் இரும்புத் தகடு கிடைத்தது. கோமதி அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினான். நான் தடவினேன். ஆசாரி மிச்சம் இருக்கும் விரலால் தடவினார். எங்கும் கூர் இல்லை.

"ஏமாத்திட்டான் யப்பா! கத்தின்னு எழுதிட்டு வெறுந் தகட்ட அனுப்பிருக்கான்."

"கொல்லன் பட்டறைல குடுத்துக் காச்சி அடிச்சுத் தீட்டுனா, அருவா கெணக்கா ஆயிரும்" என்றார் ஆசாரி.

கோமதி அதைத் துணியில் சுற்றி மினி பஸ்ஸில் எடுத்துப் போனான். நான் வாசித்த ஒரு சொல்லை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ்ஸே போகிறது. வளைவில் திரும்பும் வரை நின்று பார்த்தேன்.

ஜூன் 14, வெள்ளி

இன்று முழுவதும் நேர்பார்க்கும் வேலை. கோமதி டிரிப்புக்குப் போய்விட்டதால் வேலை ஒழுங்காக நடந்தது.

வடிவு முதலில் ப்ளக்கைப் பிடுங்கி, கண்ணில் படுகிற ஆணியில் தொங்கவிட்டாள். அது ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. பிறகு ப்ளேடின் ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டாள். மேசையில் நீளமாக ஒரு பள்ளக்கோடு உண்டு. அந்தக் கோட்டில் செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை வைத்து, அதன் முனையைக் குறி போட்ட பல்லைத் தொடும் அளவுக்கு நீட்டினாள். பிறகு ப்ளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுவந்தாள். மூலைமட்டத்தையும் பின்னால் தள்ளினாள். முன்னால் தொட்ட பல், பின்னால் தொடவில்லை. இடையில் ஒரு கல்யாணப் பத்திரிகையின் அட்டை நுழைந்தது. அப்படியென்றால் ப்ளேடு கோணலாக நிற்கிறது.

"ஒரு அட்ட கனந்தான தாயி?" என்றேன்.

"தேனீக்கு அது வாசல் மாமா."

மேசையின் அடியில் நாலு போல்ட்டைத் தளர்த்தி, மரச் சுத்தியலால் பட்டும் படாமலும் தட்டினாள். அளந்தாள். சரி. போல்ட்டை இறுக்கினாள். அளந்தாள். இறுக்கும்போது மறுபடி நகர்ந்துவிட்டது. தளர்த்தினாள். இப்படி ஏழு தடவை. நான் ஒவ்வொரு தடவையும் ஒன்பதாம் பக்கத்தை முதலிலிருந்து வாசித்தேன். அவள் கேட்கவில்லை. நானாகத்தான் வாசித்தேன். கடைசியில் முன்னாலும் பின்னாலும் ஒரு மெல்லிய தாள் ஒரே மாதிரி உரசிக்கொண்டு போயிற்று. பிறகு வேலியையும் அதே பள்ளத்துக்கு நேராக வைத்துப் பூட்டினாள். ப்ளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டத்தை நிறுத்திப் பார்த்தாள்.

எதிர் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்த ஆசாரி, "பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டுப் பாக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 15, சனி

சாரல். கத்தி வந்துவிட்டது. இப்போது அதில் முகச்சவரம் செய்யலாம்.

வகுப்பில், மிஷின் புத்தகம் எவ்வளவு முடிந்தது என்று டீச்சர் கேட்டார். முழுவதும் என்றேன். மறுபடி கைதட்டினார்கள். எனக்கு இன்று என்னவோ அவ்வளவு நேரம் தட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

ஜூன் 16, ஞாயிறு

மரம் உதைத்தது.

ஜூன் 17, திங்கள்

நேற்று எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. இன்று எழுதுகிறேன்.

நேற்றுக் காலையில் கோமதி கத்தியை ப்ளேடுக்குப் பின்னால் மாட்டினான். கொல்லர் அடித்த அடியில் அது மெலிந்து, ஒரு பக்கம் வயிறு தள்ளியிருந்தது. பலகையைத் தள்ளினால் அறுபட்ட இடம் போய்க் கத்தியில் முட்டிக்கொண்டு நின்றது. நாலு தடவை முயன்றார்கள்.

"ப்ளேடே அறுக்குது. பெறவு எதுக்குல ரெண்டாவது கத்தி? கழட்டிப் போடு" என்றார் ஆசாரி. கழற்றினான். கண்ணாடி மூடி அந்தக் கத்தியின்மேல்தான் உட்காரும். ஆகவே அதுவும் போயிற்று. மிஷின் இப்போது பார்ப்பதற்கு ஆசாரியின் மிஷின் மாதிரியே இருந்தது. அவருக்குத் திருப்தி.

மலைவேம்புப் பலகை. வடிவு இரண்டாம் பக்கத்தில் சொன்னபடி இடது பக்கம் ஒதுங்கி நின்று தள்ளினாள். சொரிமுத்து ஆசாரி, அனுபவம் காரணமாக, அவளுக்குப் பின்னால் ப்ளேடுக்கு நேராக நின்றார். முக்கால்வாசி அறுபட்டது. திடீரென்று சத்தம் மாறியது. அறுபட்ட பிளவு ப்ளேடுக்குப் பின்னால் வாய் மூடுவதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்று நினைப்பதற்குள் பலகை திரும்பிப் பாய்ந்தது. வடிவு நேராக நின்றிருந்தால் வயிறு இருந்திருக்கும் இடத்தின் வழியாகப் போய், ஆசாரியின் கை இடுக்கில் நுழைந்து, சட்டையைக் கிழித்து, பின்னால் இருந்த தண்ணீர் டிரம்மில் குத்தி நின்றது. டிரம்மிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது.

வடிவு ஸ்விட்சை அணைத்தாள். அவளுடைய இடது கை பலகையோடு இழுபட்டு, ப்ளேடுக்கு நாலு விரற்கடை இந்தப் பக்கம் மேசையில் கிடந்தது. அந்தக் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் கன்றியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அதன்பிறகு விசாரணை. மிஷின் சரியில்லை என்றான் கோமதி. மரம் ஈரம் என்றார் ஆசாரி. கரண்டு ஏற்ற இறக்கமாக வருகிறது என்றான் கோமதி. நாள் நல்லா இல்லை என்றார் ஆசாரி. மரம் மட்டும்தான் எந்தக் கருத்தும் சொல்லவில்லை. அது முன்கூட்டியே இரண்டாம் பக்கத்தில் சொல்லிவிட்டது.

இன்று காலையில் வடிவு என்னிடம் வந்தாள். "மாமா, பொஸ்தகத்துல எல்லாம் வாசிச்சாச்சுல்லா? நாம எதையும் விட்டுரலயே?"

"வாசிச்சாச்சு" என்றேன்.

"அப்ப நாளைக்கு மறுபடியும் அறுக்கேன். சனிக்கெழம வந்திரும்லா" என்றாள்.

வாசித்தாச்சு என்பது சின்னச் சொல்தான். சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. காலையிலேயே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மூக்குக் கண்ணாடிக்கு மேல் கோமதியின் பூதக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டேன். ஆறாம் பக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் விரலை வைத்து, முந்தைய சொல்லை மறக்காமல் இருக்க முணுமுணுத்துக்கொண்டே போனேன். அதில் இருந்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

'பிளக்கும் கத்தி மரத்தை வெட்டுவதற்கானது அல்ல. ப்ளேடு வெட்டிய பிளவு மீண்டும் மூடி ப்ளேடைக் கவ்விக்கொள்ளாமல் தடுப்பதற்கானது. கவ்விக்கொண்டால் மரம் உங்களை நோக்கி உதைக்கும். கை ப்ளேடின் மேல் இழுக்கப்படலாம். பிளக்கும் கத்தியைக் கூர் தீட்டவோ, வளைக்கவோ, அகற்றவோ கூடாது.'

தீட்டினோம். வளைத்தோம். அகற்றினோம். மூன்றில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக ஒரு புத்தகத்துக்கு எதிராக நடக்க வேண்டும் என்றால் அதை நன்றாக வாசித்தவனால்தான் முடியும். வாசித்தவன் வீட்டுக்குப் பின்னால் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தான்.

அப்போது ஷெட்டில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

நான் ஓடி ரொம்ப வருடம் ஆகிறது. ஓடினேன். வடிவு பலகையை வேலியோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பின்னால் போய்த் தொட்டால் பயந்து கையை விட்டுவிடுவாள். சுவருக்குப் போய் ப்ளக்கைப் பிடுங்கினேன். ப்ளேடு மெதுவாக நின்றது.

"என்ன மாமா, கரண்டு போச்சா?"

"நாந்தான் புடுங்குனேன்."

"எதுக்கு?"

"ஆறாம் பக்கமும் ஏழாம் பக்கமும் நான் வாசிக்கல தாயி."

அவள் என்னையே பார்த்தாள். "நேத்து கேட்டேன்லா?"

"கேட்ட."

"வாசிச்சாச்சுன்னீங்க."

"எழுத்துப் பொடியா இருந்திச்சு. முடியலன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு."

எதிரே இருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆசாரி வந்தார். புதுச் சட்டை. "வே, பெரிய படிப்பாளின்னுல்லா தெருவே பேசுது! கடைசில எறும்பு எழுத்துக்குப் பயந்துட்டீரோ!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வடிவு சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கன்றிப்போன கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தாள்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க மாமா. அப்பிடிச் சொன்னா நான் கைய எடுத்துக்கிடுவேன். நீங்க தெரியும்னு சொல்லுததாலதான் கைய வைக்கேன்."

எழுபத்தொரு வருடத்தில் என்னை நிறையப் பேர் நிறையத் திட்டியிருக்கிறார்கள். தடியைக் காலில் போட்டுக்கொண்டவனுக்கு மேஸ்திரி திட்டும் வசவெல்லாம் வாங்கியிருக்கிறேன். அதெல்லாம் லேசு.

பிறகு அவள் ப்ளக் ஒயரைச் சுருட்டி மிஷின் மேல் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். "இப்ப மொதல்லருந்து வாசிங்க. இங்கனயே உக்காந்து வாசிங்க. சொரிமுத்து மாமா, சிரிச்சது போதும். நீங்களும் உக்காருங்க."

பதினோரு பக்கத்தையும் வாசித்தேன். நடுவில் கோமதியும் டிரிப் முடித்து வந்து நின்றான். திக்கிய இடத்தில் திக்கினேன். புரியாத இடத்தில் புரியவில்லை என்று சொன்னேன். அப்படி மொத்தம் பதினான்கு இடம். முதல் தடவை சொல்வதற்கு முன் அதே வரியை மூன்று தடவை வாசித்தேன். பதினான்காவது தடவை தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்தது.

ஆறாம் பக்கம் முடிந்தபோது ஆசாரி சிரிப்பதை நிறுத்தியிருந்தார். "அப்ப அது அறுக்குறதுக்கு இல்லயா?" என்றார்.

"இல்ல வே."

"எம் மிஷினுல அந்த எடத்துல ரெண்டு போல்ட்டு ஓட்ட மட்டும் இருக்கு. முப்பது வருசமா அது எதுக்குன்னு யோசிச்சிருக்கேன்."

அதன்பிறகு அவர் எழுந்திருக்கவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தினால், "அடுத்த பக்கத்துல என்ன போட்டுருக்கான்?" என்று கேட்டார்.

ஜூன் 19, புதன்

கோமதி தென்காசிக்குப் போய் மிஷின் விற்ற கடையில் புதுத் தகடு கேட்டான். கடைக்காரர், "அதையா? அத யாரும் மாட்டுறதில்லையே தம்பி" என்றாராம். கழற்றிப் போட்ட தகடுகள் ஒரு சாக்கு நிறைய இருந்தன. நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். எங்கள் ஜில்லாவில் அறிவாளிகளுக்குப் பஞ்சம் இல்லை.

நான் பேனாவை எடுத்து, புத்தகத்தில் 'பிளக்கும் கத்தி' என்று இருந்த ஒன்பது இடங்களிலும் 'கத்தி' என்பதை அடித்துவிட்டு, மேலே 'தடுப்பு' என்று எழுதினேன். அச்சில் இருப்பதை அடிப்பதால் முதல் கோட்டை மெல்லிசாகத்தான் போட்டேன். பிறகு பழகிவிட்டது. ஆனால் பாதித் தப்புதான் அச்சடித்தவர்களுடையது. மீதிப் பாதியை எந்த இடத்தில் அடிப்பது என்று தெரியவில்லை.

ஜூன் 21, வெள்ளி

நேற்றும் இன்றும் வேலை; நேற்று எழுத நேரம் இல்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, நீளமான மட்டப்பலகையை ப்ளேடோடு ஒட்டி வைத்து, தடுப்பு அதே நேர்கோட்டில் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தோம். மூடியை மாட்டினோம். முதலில் மரம் இல்லாமல் ஓடவிட்டுக் கேட்டோம். பிறகு வடிவு ஒதுங்கி நின்று தள்ளினாள். கடைசிச் சாணுக்குக் கையை எடுத்துவிட்டுத் தள்ளு குச்சியால் தள்ளினாள். ஆசாரி இந்தத் தடவை ஷெட்டுக்கு வெளியே நின்று, கதவு இடுக்கு வழியாக அனுபவத்தைப் பயன்படுத்தினார்.

அறுபட்ட பலகை தடுப்பின் இரண்டு பக்கமும் பிரிந்து போயிற்று. பிளவு மூடப் பார்த்தது. தடுப்பு விடவில்லை. அது எதையும் வெட்டவில்லை, சுற்றவில்லை, சத்தம் போடவில்லை. சும்மா நடுவில் நின்றது. எங்கள் வீட்டில் அப்படி நிற்கத் தெரிந்தது இப்போதைக்கு அது ஒன்றுதான்.

நாலு பெட்டிக்கும் பலகை ஆயிற்று. வடிவு அவற்றைச் சேர்த்துப் பெட்டியாக்கினாள். மூலையில் பத்திரிகை அட்டை நுழையவில்லை. தாளும் நுழையவில்லை.

ஜூன் 22, சனி

சங்கத்தில் பெட்டிகளை வெயிலில் தூக்கிப் பிடித்து மூலை வழியாக வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தார்கள். வரவில்லை. வேலை வடிவுக்குத்தான். திங்கட்கிழமைக்குள் நாலு பெட்டிக்கும் மருந்து அடித்துக் கொடுக்கச் சொல்லி ஒரு டப்பாவும் கொடுத்துவிட்டார்கள். கரையான் வராமல் இருக்க.

கோமதி தெரு முழுவதும் சொல்லிவிட்டான். அவன் சொல்வதைக் கேட்டால் ப்ளேடைத் திருப்பி மாட்டியதும், வேலி எது என்று கண்டுபிடித்ததும் எல்லாம் அவன்தான்.

ஜூன் 23, ஞாயிறு

காலையில் வடிவு நாலு பெட்டிகளையும் வாசலில் வரிசையாக வைத்தாள். தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு, டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"வெளிய மட்டும் அடிக்கணுமா, உள்ளயும் அடிக்கணுமான்னு போட்டிருக்கா மாமா?"

கோமதி மூடியை மோந்து பார்த்து, "நல்ல மருந்துதான். உள்ளயும் வெளியயும் ரெண்டு கோட்டு அடிச்சுவிடு" என்றான்.

டப்பாவின் பின்னால் பொடி எழுத்து. பூதக்கண்ணாடியை எடுத்து வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு சொல்லாகப் போனேன். எல்லாம் புரிந்தது. ஒரு வரியைத் தவிர: 'உட்புறம் பூசினால் தேனீக்களுக்கு ஊறு விளைவிக்கும்.'

உட்புறம் தெரியும். பூசினால் தெரியும். தேனீ தெரியும். விளைவிக்கும் என்றால் விளைய வைக்கும். நெல் விளைகிறது, தேன் விளைகிறது. நல்ல சொல்தான். ஊறு என்றால்? எனக்கு ஊறுகாய் தெரியும். சுவரில் தண்ணீர் ஊறுவது தெரியும். தேனும் ஊறத்தானே செய்கிறது? ஊறும், விளையும். சேர்த்துப் பார்த்தால், உள்ளே பூசினால் தேன் நன்றாக ஊறி விளையும் என்று வருகிறது. பொருத்தமாகத்தான் இருக்கிறது. கோமதி சொன்னதோடும் ஒத்துப்போகிறது. வாசலில் இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு வார்த்த எனக்குத் தெரியல தாயி" என்றேன்.

"ஒரு வார்த்ததான யப்பா?" என்றான் கோமதி. "மீதியெல்லாந்தான் தெரியுதுல்லா? அத வச்சு ஒரு குத்துமதிப்பாச் சொல்லும்."

"குத்துமதிப்பாச் சொல்ல மாட்டேன். நாளைக்குச் சாயங்காலம் டீச்சர்ட்ட கேட்டுட்டு வாரேன்."

'ஊறு' என்று ஒரு தாளில் பெரிதாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதுவரை பொறுக்க முடியுமா, திங்கட்கிழமைக்குள் கேட்டிருக்கிறார்களே என்று அவளிடம் கேட்டேன்.

வடிவு தூரிகையைக் கீழே வைத்து, டப்பாவின் மூடியைக் கல்லால் தட்டி இறுக்கினாள்.